பதினொரு கட்டிலும் எங்கள் கஜுக் கோப்பும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள். இதில் ஒரு வரலாறும் இருக்கிறது, எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது. பிழையை முதலில் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் மேசை லாச்சியில் ஒரு நீல நிறக் கோப்பு கிடக்கிறது. அது 2021 இல் திறந்த கோப்பு. வனாத்தவில்லுப் பக்கம் கஜு எவ்வளவு விளைகிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கொட்டையை அப்படியே கிலோக் கணக்கில் வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். அதே கஜு பருப்பாகி, பக்கற்றாகி, கொழும்புக் கடையில் பல மடங்கு விலைக்குப் போகிறது. உடைக்கத் தெரிந்த கைகள் நம் ஊரிலேயே இருக்கும்போது, நாமே உடைத்து, காயவைத்து, பக்கற் போட்டு விற்றால் என்ன என்று ஒன்பது பெண்கள் கூடிப் பேசினோம். "டீச்சர், நீங்க எழுதினா சரியா இருக்கும்" என்று திட்டம் எழுதும் வேலையை எங்களிடம் தந்தார்கள்.

ஆசிரியர் கலாசாலையில் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை. நோக்கம், படிமுறை, மதிப்பீடு எல்லாம் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தோம். முதலில் கட்டடம் வேண்டும் என்று எழுதினோம். பிறகு உடைக்கும் இயந்திரம். பிறகு எஸ்.எல்.எஸ். சான்றிதழ், மும்மொழி லேபல், வர்த்தகப் பெயர். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்று குறைந்தது. திருத்தினோம். மீண்டும் திருத்தினோம். 2022 இல் நாட்டில் விலைகள் தலைகீழாக மாறின. நாங்கள் எழுதி வைத்த மதிப்பீடு முழுவதும் செல்லாக் காசாகியது. அதையும் புதிதாக எழுதினோம்.

அந்த ஒன்பது பேரில் மூன்று பேர் இன்று ஊரில் இல்லை. வீட்டு வேலைக்கு வெளிநாடு போய்விட்டார்கள். போகும்போது ஒரு தங்கை சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "டீச்சர், கோப்பு முடிஞ்சாச் சொல்லுங்க. நான் வந்து சேர்ந்துக்கிறேன்."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே சொன்னாள். அதனால்தான் கூடுதலாக வலித்தது.

இனி வரலாறு. மதுரைக்குப் போய்க் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்தவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அரவிந்த் கண் மருத்துவமனை எப்படித் தொடங்கியது என்று அண்மையில் தேடி வாசித்தோம். வாசித்த பிறகு அந்த நீலக் கோப்பைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அதைத் தொடங்கியவர் வைத்தியர் கோ. வெங்கடசாமி. 1918 இல் தென் தமிழ்நாட்டின் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். படித்து வைத்தியராகி இராணுவத்தில் சேர்ந்தார். மகப்பேற்று வைத்தியராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனால் முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. கைவிரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. ஆசைப்பட்ட துறை கைவிட்டுப் போக, கண் மருத்துவத்துக்கு மாறினார். கோணிய விரல்களால் கத்தி பிடிக்கத் தன்னைத் தானே பழக்கினார். அந்தக் கைகளால் வாழ்நாளில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான சத்திரசிகிச்சைகள் செய்தார். விரல் நேராகட்டும், பிறகு தொடங்குவோம் என்று அவர் காத்திருந்தால் அந்த ஒரு இலட்சத்தில் ஒன்றுகூட நடந்திருக்காது.

1976 இல், 58 வயதில், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். அவருடைய நோக்கமோ மிகப் பெரியது: தடுக்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது. அந்த நோக்கத்துக்கு ஏற்ற பணம் அவரிடம் இல்லை. வங்கிகளும் கைகொடுக்கவில்லை. வீட்டை ஈடுவைத்து, குடும்பத்தின் நகைகளை வைத்து, மதுரையில் ஒரு வீட்டில் தொடங்கினார். மொத்தம் 11 கட்டில்கள். ஆறு, பணம் கட்டக்கூடியவர்களுக்கு. ஐந்து, கட்ட முடியாதவர்களுக்கு. தங்கை நாச்சியாரும் அவரது கணவர் நம்பெருமாள்சாமியும் கண் வைத்தியர்கள். அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அதன் பிறகு நடந்ததை ஆண்டு வரிசையில் பாருங்கள். 1977 இல் 30 கட்டில். 1978 இல் இலவச நோயாளிகளுக்கென 70 கட்டில். 1981 இல் 250 கட்டிலுடன் பிரதான மருத்துவமனை. 1984 இல் 350 கட்டிலுடன் இலவச மருத்துவமனை. 1988 இல் திருநெல்வேலி, 1997 இல் கோயம்புத்தூர், 2003 இல் புதுச்சேரி. திருநெல்வேலிக்குப் போக 12 ஆண்டுகள், கோயம்புத்தூருக்குப் போக 21 ஆண்டுகள் எடுத்திருக்கின்றன. அவசரமும் இல்லை, நிறுத்தமும் இல்லை. கையில் வந்த மிச்சம் அடுத்த படிக்குப் போனது.

இதில் நாங்கள் அதிகம் யோசித்த இடம் வேறு. அவர்கள் கிராமங்களில் இலவசக் கண் முகாம் நடத்தினார்கள். சத்திரசிகிச்சை தேவையென்று கண்டவர்களுக்கு இலவசமாகச் செய்கிறோம் என்றார்கள். ஆனாலும் பலர் வரவில்லை. ஏன் என்று விசாரித்தபோதுதான் புரிந்தது. சிகிச்சை இலவசம்தான், ஆனால் பஸ் காசு? அங்கே சாப்பாடு? கூட வருபவரின் அன்றைய கூலி? அதன் பிறகு நோயாளிகளை வாகனத்தில் கூட்டிப் போனார்கள், உணவு கொடுத்தார்கள், திரும்பவும் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது ஆட்கள் வந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். எவ்வளவு கெட்டிக்காரர் எழுதிய திட்டத்திலும் இந்த விடயம் முன்கூட்டியே வந்திருக்குமா? முகாம் நடத்தியதால்தான் குறை தெரிந்தது. குறை தெரிந்ததால்தான் சீர் செய்ய முடிந்தது. நாங்கள் மேசையில் இருந்து தேடிய பூரணம் மேசையில் கிடைக்காது. வேலையைத் தொடங்கிய பிறகுதான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கைக்கு வரும்.

கண் வில்லையின் கதையும் அப்படித்தான். வெள்ளை படர்ந்த கண்ணுக்குள் செயற்கை வில்லை வைப்பது சிறந்த முறை. ஆனால் இறக்குமதி வில்லை ஏழைக்கு எட்டாத விலை. அதற்காக அவர்கள் சிகிச்சையை நிறுத்தி வைக்கவில்லை. வில்லை இல்லாமல் அறுவை செய்து, தடித்த கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை கிடைத்தது, ஆனால் நிறைவானதாக இல்லை. 1992 இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கி வில்லையைத் தாங்களே செய்தார்கள். விலை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக இறங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் தடித்த கண்ணாடியோடு பார்வை பெற்றவர்களை, நல்ல வில்லை வரும்வரை இருட்டில் இருங்கள் என்று சொல்லியிருக்கலாமா?

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் எதையும் அரைகுறையாகத் தொடங்கிவிடலாமா? இல்லை. வைத்தியர் வெங்கடசாமி கட்டடத்தில் பொறுமை காட்டினார், கட்டில் எண்ணிக்கையில் பொறுமை காட்டினார். சத்திரசிகிச்சைக் கூடத்தின் சுத்தத்தில் அப்படி ஒரு தளர்வு கிடையாது. 11 கட்டில் இருந்த காலத்திலும் கண் கண்தான். முதல் நாளே சரியாக இருக்க வேண்டியது எது, போகப்போக வளரக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்ததுதான் அவருடைய கெட்டித்தனம். எங்களுக்கு அந்தப் பிரிப்புத் தெரியவில்லை. லேபலின் நிறத்துக்கும் பருப்பின் சுத்தத்துக்கும் ஒரே அளவு கவலைப்பட்டுக் கொண்டிருந்தோம்.

கலா ஓயா பெருகும்போது நம் சப்பாத்துப் பாலத்தில் யாரும் இறங்கக் கூடாது. அதற்காக ஆறு முழுதாக வற்றட்டும் என்று காத்திருப்பவரும் இந்த ஊரில் இல்லை. தண்ணீர் வடிந்து பாதை தெரிந்ததும் கடக்கிறோம். ஆற்றில் தெரிந்த கணக்கு கோப்பில் தெரியாமல் போய்விட்டது.

மதுரை தூரம் என்று சொல்லாதீர்கள். நம் புத்தளம் மண்ணிலும் இதற்குச் சாட்சி இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு இங்கு வந்து கிடுகுக் கொட்டிலில் தங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள். எல்லாம் சரியானதும் தொடங்குவோம் என்று அவர்கள் காத்திருக்க முடியுமா? தையல் தெரிந்தவர் தைத்தார், பலகாரம் சுடத் தெரிந்தவர் சுட்டார், ஒரு மேசையளவு இடத்தில் கடை போட்டவர்களும் இருந்தார்கள். பட்ட அநியாயம் அதனால் சின்னதாகிவிடாது. ஆனால் இல்லாமையிலிருந்து எப்படித் தொடங்குவது என்று நமக்குக் காட்டித் தந்தவர்கள் அவர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெரிதாகத் தொடங்க நினைத்தால் பெரிய கடன் தேவைப்படும். நுண்கடன் எடுத்து, கிழமைக்குக் கிழமை தவணை கட்ட முடியாமல் ஒளிந்து திரிந்த பெண்களின் கதை நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சின்னதாகத் தொடங்கினால் நட்டமும் சின்னது. பிழைத்துப் போனால் திருத்திக்கொண்டு மறுபடி நிற்கலாம். சிறிதென்றாலும் விடாமல் செய்யும் அமலின் சிறப்பைப் பற்றி எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். வியாபாரத்துக்கும் அது பொருந்தும் என்று மட்டும் ஏனோ நினைக்கவில்லை.

ஆகவே கோப்பை எடுத்து இரண்டு பட்டியல் போட்டோம்.

முதல் நாளே சரியாக இருக்க வேண்டியவை: கை சுத்தம், பாத்திரச் சுத்தம், பூஞ்சணம் பிடிக்காமல் காயவைத்தல், நிறை குறையாத தராசு, எழுதி வைத்த கணக்குப் புத்தகம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை. கொட்டைப் பால் பட்டுக் கை வேகாமல் கையுறையும் இதில் சேரும்.

பிறகு வரட்டும் என்று விட்டவை: கட்டடம், இயந்திரம், அழகான லேபல், பெரிய கடைகள், எஸ்.எல்.எஸ்.

முதல் படி இதுதான். பத்துக் கிலோ கொட்டை வாங்குகிறோம். உடைத்தால் இரண்டு கிலோவுக்குச் சற்றுக் கூடப் பருப்பு வரும். நூறு கிராம் பக்கற்றாகப் போட்டால் ஏறத்தாழ இருபது. ஊருக்குள்ளேயே விற்கிறோம். உடைந்த பருப்பைத் தனியாகக் குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம். விற்று வந்த காசு, கொட்டைக் காசு, கூலி மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம். மிச்சம் வந்தால் அடுத்தது பதினைந்து கிலோ. வராவிட்டால் ஏன் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பேசுகிறோம்.

ஊரில் மிஞ்சியிருக்கும் ஆறு பேரும் சம்மதித்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் வீட்டு முற்றத்தில் கூடுகிறோம், இன்ஷா அல்லாஹ். கஜு உடைத்துப் பழகிய மூத்தம்மாக்கள் யாராவது வந்து முழுப் பருப்பாக எடுக்கும் பக்குவத்தைக் காட்டித் தந்தால் பெரிய உதவி. சரியான தராசு இருப்பவர்கள் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள். குறை கண்டால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அது எங்களுக்கு இப்போது தேவையான ஒன்று.

முதல் பக்கற்றின் படத்தை வெளிநாட்டில் இருக்கும் அந்தத் தங்கைக்கு அனுப்பப் போகிறோம். கோப்பு இன்னும் முடியவில்லை, ஆனால் வேலை தொடங்கிவிட்டது என்று எழுதி.