கடல் கடந்த சட்டம்

1903ஆம் ஆண்டில், அப்பொழுது கொலம்பியாவைச் சேர்ந்திருந்த பனாமாவிலே ஒருவர் வாழைத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார். மறு ஆண்டு கொஸ்டாரிக்காப் படையினர் புகுந்து அதைக் கைப்பற்றினர். தோட்டத்தை அதற்குச் சற்று முன்னர் வாங்கியிருந்த அமெரிக்கக் கம்பெனி, படையினரை ஏவியது யுனைட்டட் புரூட் கம்பெனியே என அமெரிக்காவில் வழக்கிட்டது. இரு தரப்பும் அமெரிக்கர். ஏகபோகத்தைத் தடுக்கும் 1890ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டமும் கையில் இருந்தது. ஆயினும், செயல் முறையானதா என்பதை அது நிகழ்ந்த நாட்டின் சட்டமே தீர்மானிக்கும் என்று கூறி, உயர் நீதிமன்ற நீதியரசர் ஹோம்ஸ் 1909இல் வழக்கைத் தள்ளினார். கொள்கை தெளிவானதுதான். ஆனால், படையை அனுப்பிய அரசின் நீதிமன்றத்திலா தோட்டக்காரர் முறையிடுவது?

1945இல் நிலை மாறியது. சுவிற்சர்லாந்தில் அமைத்த கூட்டு நிறுவனத்தின் வாயிலாகக் கனேடியக் கம்பெனியொன்றும் ஐரோப்பியக் கம்பெனிகளும் அலுமினிய உற்பத்திக்கு அளவு வகுத்திருந்தன. உடன்பாடு பிறந்தது அந்நிய மண்ணில். ஆனால், அமெரிக்க இறக்குமதியைப் பாதிக்கும் நோக்கமும் விளைவும் அதற்கு இருந்தமையால் அதே ஷேர்மன் சட்டம் செல்லும் என்றார் நீதிபதி லேர்னெட் ஹான்ட்.

பிற அரசுகள் இதைப் பொறுக்கவில்லை. மும்மடங்கு நட்டஈடு விதிக்கும் அந்நியத் தீர்ப்புகளைத் தன் நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது எனப் பிரித்தானியா 1980இல் சட்டம் செய்தது. அவ்வாறு செலுத்திவிட்ட பிரித்தானிய வர்த்தகர் மிகைத் தொகையை வழக்கிட்டு மீளப் பெறவும் வழி வைத்தது.