ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடும்?



போன பதிவில், 1960 ஏப்ரல் 1 அன்று நம் திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். ம.பொ.சி. பற்றி இன்னும் எழுதுங்கள் சார் என்று பலர் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன். இன்றைக்கு வேறு விஷயம். படிக்கச் சங்கடமாக இருக்கும். எழுதுகிற எனக்கும் அப்படித்தான், மூன்று தடவை எழுதி அழித்துவிட்டேன். "இந்த வயசுல இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். இந்த வயதிலாவது எழுதாவிட்டால் எப்போது எழுதுவது?

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்த என் பழைய மாணவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். ஐம்பதைத் தாண்டியவன். குடும்பம் காவடியோடு மலைக்குப் போய்விட்டது. நாங்கள் இருவரும் சரவணப் பொய்கைப் பக்கம் கொஞ்சம் நிழலாகப் பார்த்து உட்கார்ந்தோம். சுற்றிலும் பூக்காவடி, பம்பைச் சத்தம், தெலுங்கும் தமிழும் கலந்து அரோகரா.

"சார், எட்டாவது படிக்கும்போது ஒருநாள் நீங்க என்னைச் சைக்கிள்ல வெச்சுக் கொண்டுபோய் விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றான்.

நன்றாகவே ஞாபகம் இருந்தது. படிப்புக்காகத் தெரிந்தவர் வீட்டில் தங்கவைக்கப்பட்ட பையன். ஒருநாள் பள்ளி விட்ட பிறகும் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தான். அந்த வீட்டுக்குப் போகமாட்டேன், அந்த அண்ணன் பக்கத்தில் படுக்கமாட்டேன் என்று அழுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழுவானாடா? அனுசரிச்சுப் போ, படிப்பு முக்கியம்." சொன்னதோடு விடவில்லை. சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டிலேயே ஒப்படைத்தேன். காபி கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். ஒரு பையனின் படிப்பு நின்றுபோகாமல் காப்பாற்றிய கதையாகத்தான் இத்தனை வருடம் அதை மனதில் வைத்திருந்தேன். அவன் கேட்டதும், நன்றி சொல்லப் போகிறான் என்றே நினைத்தேன்.

அதற்குப்பின் அவன் சொன்னதை இங்கே எழுதமாட்டேன். புரிந்திருக்கும். அந்த வருடம் முழுக்க நடந்திருக்கிறது. நான் கொண்டுபோய் விட்ட அன்று இரவும் நடந்திருக்கிறது. இதைப் பொதுவில் எழுத அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எந்த வருடம், எந்த ஊர், யார் வீடு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று எனக்கு ஏன் புரியவில்லை என்று பல இரவு யோசித்தேன். நான் கெட்டவன் இல்லை. சோம்பேறியும் இல்லை. இதே வார்த்தையை ஒரு மாணவி சொல்லியிருந்தால் அந்த வீட்டு வாசலை மிதித்திருப்பேனா? அவள் அப்பாவுக்கு அன்றைக்கே ஆள் அனுப்பியிருப்பேன். பையன் சொன்னபோது என் காதில் விழுந்தது "வீட்டு ஞாபகம்" என்பதுதான். பையனுக்கு இப்படி நடக்கும் என்ற எண்ணமே என் தலைக்குள் இல்லை. அதற்கு ஒரு சொல்கூட என்னிடம் இல்லை.

சொல் இல்லை என்பதை யோசித்துத்தான் சொல்கிறேன். அந்தக் காலத்தில் செய்தித்தாளில் வந்த சொல் "கற்பழிப்பு". பெண்ணிடம் கற்பு என்று ஒன்று இருக்கிறது, அதை ஒருவன் அழித்துவிட்டான் என்பது அதன் பொருள். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே அநியாயம் செய்கிற சொல் அது. ஆணுக்கோ அந்தச் சொல்லில் நுழையவே இடம் இல்லை. கற்பை இரண்டு பாலருக்கும் பொதுவில் வைக்கச் சொன்னார் பாரதி. நாம் கேட்டோமா? "பாலியல் வன்கொடுமை" என்ற சொல் பிற்பாடுதான் நம் நாக்கில் புழங்க ஆரம்பித்தது. அதைக் கேட்டாலும் நம் கண்முன் வருவது ஒரு பெண்தான்.

சரி, சட்டமாவது பார்த்ததா என்று தேடினேன். வரலாற்று வாத்தியார் புத்தி, பழசைக் கிளறாமல் இருக்காது.

மெக்காலே தலைமையில் 1837-இல் வரைவு தயாராகி, 1860-இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது இந்திய தண்டனைச் சட்டம். அதன் 375-ஆம் பிரிவில் குற்றம் செய்பவன் ஆண், பாதிக்கப்படுபவர் பெண். அவ்வளவுதான். ஆணுக்கு எதுவும் நடந்தால்? 377-ஆம் பிரிவு. "இயற்கைக்கு மாறான" உறவு என்று அதற்குப் பெயர். ஆண், பெண், விலங்கு என்று மூன்றையும் ஒரே வரியில் அடுக்கியிருந்தார்கள். சம்மதம் என்ற பேச்சே அந்தப் பிரிவில் கிடையாது. மனம் ஒத்த இருவருக்கும், பலவந்தம் செய்தவனுக்கும் ஒரே பிரிவு. இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். வளர்ந்த ஆண் ஒருவன் காவல் நிலையத்துக்குப் போய் "எனக்கு இப்படி நடந்தது" என்றால், "நீயும் உடந்தையா?" என்ற கேள்வி அவன்மேலேயே திரும்பும். பெண் போனால் அவள் நடத்தையைச் சந்தேகித்தார்கள். ஆண் போனால் அவனையே குற்றவாளியாக்கச் சட்டத்தில் வழி இருந்தது. யார் போவார்கள்?

நம் நாடு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நமக்குச் சட்டம் எழுதிக் கொடுத்த இங்கிலாந்து, ஆணையும் பலாத்காரம் செய்ய முடியும் என்று தன் சட்டத்தில் ஏற்றது 1994-இல். அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., குற்றக் கணக்குக்கு 1920-களிலிருந்து வைத்திருந்த பலாத்கார வரையறையில் பெண்ணை மட்டுமே சொல்லியிருந்தது. அதை மாற்றப்போவதாக அறிவித்தது 2012-இல். கணக்கெடுக்கும் படிவத்திலேயே இடம் இல்லாதபோது, ஆண்களுக்கு இப்படி நடப்பதில்லை என்றுதானே கணக்கு சொல்லும்?

தமிழ் ஆண்களைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. அது வந்தது லண்டனிலிருந்து. சித்திரவதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவ அமைப்புக்கு 1997, 1998 ஆகிய இரண்டு வருடங்களில் அனுப்பப்பட்ட இலங்கைத் தமிழ் ஆண்கள் 184 பேரின் பதிவேடுகளை அங்கிருந்த மருத்துவர்கள் புரட்டிப் பார்த்தார்கள். 38 பேர், தடுப்புக் காவலில் தாங்கள் பாலியல் வதைக்கு ஆளானதாகச் சொல்லியிருந்தார்கள். ஐந்தில் ஒருவர். 2000-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் அது வெளிவந்தது. விவரங்களை எழுத எனக்குக் கை வரவில்லை. 2013-இல் மனித உரிமைகள் கண்காணிப்பகமும் ஓர் அறிக்கை வெளியிட்டது. காவலில் பாலியல் கொடுமைக்கு ஆளான 75 பேரைப் பற்றியது. அதில் 31 பேர் ஆண்கள், 3 பேர் சிறுவர்கள். இலங்கைச் சட்டத்திலும் பலாத்காரம் என்றால் பெண்ணுக்கு நடப்பதுதான். 1995 திருத்தத்தில்தான் "பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம்" என்று இருபாலருக்கும் பொதுவான ஒரு குற்றத்தைச் சேர்த்தார்கள். ஈழப் போரைப் பற்றி நாம் மேடை மேடையாகப் பேசினோம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியில் அகதிகள் முகாம் இருக்கிறது. நான் கேட்ட எந்த மேடையிலும் இந்த ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததில்லை.

நம் பிள்ளைகள் கணக்குக்கு வருகிறேன். 2007-இல் மத்திய அரசின் பெண்கள் குழந்தைகள் நல அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. 53 சதவீதத்துக்கு மேற்பட்டோர், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொந்தரவைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கு மேல், சுமார் 53 சதவீதம், பையன்கள். திரும்பப் படியுங்கள், பையன்கள். தமிழ்நாடு அந்த 13-இல் இல்லை. ஆந்திரா இருந்தது, அதுவும் அதிகம் பதிவான நான்கு மாநிலங்களில் ஒன்றாக. நமக்கும் ஆந்திராவுக்கும் எவ்வளவு தூரம்? நகரி பஸ் ஏறினால் அரைமணி.

யோசித்துப் பார்த்தால் இது ஆச்சரியமே இல்லை. வயசுக்கு வந்த பெண்ணை நாம் தனியாக எங்கேயாவது தங்க அனுப்புவோமா? பையனை எங்கே வேண்டுமானாலும் அனுப்புவோம். சத்திரத் திண்ணை, கடை, மெஸ், தூரத்துச் சொந்தக்காரர் வீடு. படித்திருவிழாவுக்கு டிசம்பர் 31 ராத்திரி வரும் கூட்டத்தில் இடம் கிடைத்த மூலையில் படுத்துத் தூங்கும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். கேட்டால், ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிடும்?

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14-இல் நடைமுறைக்கு வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு. 18 வயதுக்குக் கீழே எந்தக் குழந்தையானாலும், ஆண் பெண் பேதம் இல்லை. தெரிந்தவர் புகார் கொடுத்தே ஆகவேண்டும், மறைத்தால் அதுவே குற்றம். இப்போது ஆசிரியர் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இதைக் கவனியுங்கள். உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. "குடும்ப விஷயம், நமக்கு எதுக்கு" என்று என்னைப்போல ஒதுங்க உங்களுக்கு வழி கிடையாது.

பதினெட்டைத் தாண்டிய ஆணுக்கோ இன்று நிலைமை 1860-ஐவிட மோசம். மிகைப்படுத்தவில்லை. பலாத்காரச் சட்டத்தைப் பால் பேதம் இல்லாமல் எழுதுங்கள் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 2000-இலேயே தன் 172-ஆவது அறிக்கையில் சொன்னது. டெல்லிக் கொடுமைக்குப் பின் வந்த வர்மா குழு, பாதிக்கப்படுபவர் யாராகவும் இருக்கலாம் என்றது. 2013 பிப்ரவரி அவசரச் சட்டம் பொதுவாகவே எழுதப்பட்டது. ஆனால் இரண்டே மாதத்தில் நிறைவேறிய சட்டத்தில் மறுபடி பெண் மட்டும். புகார் கொடுக்கும் பெண்மேலேயே எதிர்ப்புகார் கொடுத்து மிரட்டுவார்கள் என்று பெண்கள் அமைப்புகள் பயந்தன. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். பாதிக்கப்பட்டவரை மட்டுமாவது பொதுவாக வைத்திருக்கலாம்.

2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம், மனம் ஒத்த பெரியவர்களை 377-இலிருந்து விடுவித்தது. நல்ல தீர்ப்பு. பலவந்தத்துக்கு அந்தப் பிரிவு நீடித்தது. 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது 377 முழுசாகவே போய்விட்டது. பலவந்தத்துக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023-லேயே சொல்லியும் சேர்க்கவில்லை. டெல்லி உயர் நீதிமன்றம் ஆகஸ்டில் அரசைக் கேட்டது. அக்டோபரில், இது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் மனுவை ஏற்க மறுத்தது. ஆகவே பதினேழு வயதுப் பையனுக்குப் போக்சோ உண்டு. பிறந்தநாள் தாண்டிய மறுநாள், அவனுக்கு நடந்தது வெறும் காயம், மிரட்டல், அடைத்துவைத்தல் மட்டுமே. நடந்தது எதுவோ, அதற்கு அந்தப் பெயர் சட்டத்தில் இல்லை.

மறுபடி பொய்கைக் கரைக்கு வருகிறேன். "ஏண்டா மறுபடி என்கிட்ட வரல?" என்று கேட்டேன். "நீங்க காபி குடிச்சீங்க சார்" என்றான். எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு அவனாகவே சொன்னான். பயத்தைவிட அவனைத் தின்றது வேறொன்று. தொடும்போது உடம்பு தன்பாட்டுக்கு ஏதோ செய்திருக்கிறது, அதனால் தானும் விரும்பினோமோ என்று முப்பது வருடம் நினைத்திருக்கிறான். விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் உடம்பு அப்படிச் செய்யும், வெந்நீர் பட்டால் தோல் சிவப்பதுபோல, என்று ஒரு டாக்டர் சொன்ன பிறகுதான் தூக்கம் வந்ததாம். அதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்க முப்பது வருடம். சினிமாவில் இதையே காமெடியாகக் காட்டி தியேட்டரே சிரிக்கும்போது தானும் சேர்ந்து சிரித்ததாகச் சொன்னான். சிரிக்காவிட்டால் பக்கத்து சீட்காரன் கண்டுபிடித்துவிடுவானோ என்று.

நான் மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கு வரல சார், உங்களுக்குத் தெரியணும்னு தோணுச்சு" என்றான். அதற்குள் வீட்டுக்காரர்கள் மலையிலிருந்து இறங்கி வந்துவிட்டார்கள். அவன் பேரன் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு என்னிடம் வந்து வணக்கம் வைத்தான்.

குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098. ராத்திரியிலும் எடுப்பார்கள். என்னிடம் படித்த யாருக்காவது இப்படி ஒன்று மனதில் இருந்தால் தனிச் செய்தியில் எழுதலாம், அல்லது வீட்டுக்கே வரலாம். இந்தத் தடவை முழுசாகக் கேட்கிறேன். கமெண்டில் "யார் சார் அது, நம்ம செட்டா?" என்று கேட்பவர்களின் கமெண்டை அழித்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அவன் அம்மா இன்னும் இருக்கிறார். அவருக்குத் தெரியாது.