பெட்ஃபோர்டு நகரின் களஞ்சியம்

இங்கிலாந்தில் ஊஸ் ஆற்றங்கரையில் அமைந்த பெட்ஃபோர்டு, பதினேழாம் நூற்றாண்டில் மிகச் சிறியதொரு நகரம். அங்கே 1672ஆம் ஆண்டில் ஒரு பழத்தோட்டமும் அதனுள் நின்ற தானியக் களஞ்சியமும் 50 பவுனுக்குக் கைமாறின. வாங்கியவர்கள் அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்க சபையின் வழிபாட்டு முறைக்கு இணங்க மறுத்த கைவினைஞரும் சிறு வணிகருமே. களஞ்சியம் அவர்களுடைய செபக்கூடமாயிற்று. அவர்களின் மேய்ப்பர், 12 ஆண்டுச் சிறைவாசம் முடிந்து அப்போதுதான் வெளிவந்திருந்த ஜான் பன்யன். தமிழருக்கு அவர் அந்நியர் அல்லர். எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் காவியத்துக்கு வழிகாட்டிய நூல், நாம் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறிந்திருக்கும் பன்யனின் நூலே.

அந்நூலைப் படிக்கும் கத்தோலிக்கர் ஓரிடத்தில் மனம் நொந்து நிற்பது இயல்பு. பயணி கடந்து செல்லும் குகையொன்றின் வாயிலில் முதுமையால் தளர்ந்த அரக்கன் ஒருவன், வழிப்போக்கரைப் பிடிக்க வலுவின்றி நகத்தைக் கடித்தபடி அமர்ந்திருக்கிறான். அவனுக்கு ஆசிரியர் இட்ட பெயர் ‘போப்பு’. இதை மூடிமறைத்துவிட்டுப் பன்யனைப் போற்றுவது நேர்மையாகாது. இதை மட்டுமே கண்டு நூலை மூடிவிடுவதும் முறையாகாது. அந்தக் களஞ்சியத்தின் வரலாற்றில் நம்மவரின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது.

அச்சபையை 1650இல் நிறுவியவர் ஜான் கிஃபர்டு. உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்று பிடிபட்டு மரண தண்டனை பெற்ற படைத்தலைவர் அவர். சிறைக்கு வந்த தமக்கையோ தங்கையோ, காவலர் உறங்குவதைக் கண்டு அவரைத் தப்புவித்தாள். பெட்ஃபோர்டில் மருத்துவம் செய்து, குடியிலும் சூதிலும் காலம் கழித்து, பின்னர் மனந்திரும்பினார். 1655இல் இறக்குந்தறுவாயில் தம் மக்களுக்கு அவர் விடுத்த மடல் அரியது: திருமுழுக்கு, சங்கீதம் பாடுதல் முதலிய புறக்காரியங்களை முன்னிட்டுப் பிரிந்துபோகாதீர்கள் என்பதே அதன் சாரம். சண்டை மலிந்த அக்காலத்தில் இப்படி எழுத ஒரு போர்வீரருக்கே மனம் வந்தது போலும்!

1660இல் முடியாட்சி மீண்டது. அதே ஆண்டு நவம்பரில், அனுமதியின்றிப் போதித்ததாகப் பன்யன் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தால் அவர் வீடு திரும்பியிருக்கலாம். கொடுக்கவில்லை. சிறையில் நாடா முடைந்து, பார்வையற்ற மூத்த மகள் உள்ளிட்ட குடும்பத்துக்குப் படியளந்தார்.

வெளியே இருந்தோரும் நிம்மதியாக இல்லை. 1670இன் சட்டம், வீட்டார் நீங்கலாக ஐவருக்கு மேல் கூடி வழிபட்டால் அபராதம் விதித்தது. காட்டிக்கொடுப்பவருக்கு அதில் பங்கும் உண்டு. ஐந்து சில்லிங் அபராதத்துக்காக ஒருவரின் பித்தளைக் கெண்டி பறிக்கப்பட்டது. அதைத் தெருவில் சுமந்து செல்ல அதிகாரிகளுக்கே மனமில்லை. ஒரு பையனுக்குக் காசு கொடுத்துத் தூக்கச் செய்தார்கள். விடுதிக்காரரோ அதைத் தம் முற்றத்தில் வைக்க இடந்தரவில்லை.

இந்நிலையில்தான் 1672 மார்ச்சில் இரண்டாம் சார்லஸ் மன்னர் ஓர் அறிக்கை வெளியிட்டார். இணங்காதோர் உரிமம் பெற்றுப் பொதுவில் கூடலாம். கத்தோலிக்கர் தத்தம் இல்லங்களில் திருப்பலி காணலாம். பன்யனின் களஞ்சியத்தைத் திறந்த அதே தாள், நம் முன்னோரின் இல்லக் கதவையும் சற்றே திறந்தது. கத்தோலிக்கருக்கு உதவவே மன்னர் இதைச் செய்தார் என்று பாராளுமன்றம் ஐயுற்று, மறு ஆண்டே அறிக்கையைத் திரும்பப் பெறச் செய்தது. அரசுப் பணியில் இருப்போர் ஆங்கிலிக்க முறையில் நற்கருணை பெறவேண்டும், அப்பமும் இரசமும் பொருள்மாற்றம் அடைவதை மறுத்து உறுதிமொழி தரவேண்டும் என்ற சட்டமும் பிறந்தது. அது தங்களையும் தாக்கும் என்று அறிந்தும் இணங்காதோர் பலர் அதை ஆதரித்தனர். ரோமையின்மீது கொண்ட அச்சம் தங்கள் நலனையும் மறக்கச் செய்தது. 1676-77இல் பன்யன் மீண்டும் சில மாதங்கள் சிறையில் இருந்தார்.

‘மோட்சப் பிரயாணம்’ அச்சேறிய 1678இல்தான், டைட்டஸ் ஓட்ஸ் என்பவன் புனைந்த பொய்ச் சதிக்கதையால் கத்தோலிக்க வேட்டை தொடங்கியது. அதன் இறுதிப் பலிகளுள் ஒருவர், 1681இல் தூக்கிலிடப்பட்ட பேராயர் புனித ஆலிவர் பிளங்கெட். மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 1685இல் கத்தோலிக்க மன்னர் பதினான்காம் லூயி, பிரான்சின் சீர்திருத்த சபையாருக்கு இருந்த உரிமையைப் பறித்தார். அந்த அகதிகள் இங்கிலாந்துக்கும் வந்து குவிந்தனர். குகைவாயில் அரக்கனை நம்புவோருக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

1688இல் பன்யன் மறைந்தார். மறு ஆண்டின் சட்டம், கதவைப் பூட்டாமல் வழிபடவேண்டும் என்ற நிபந்தனையோடு இணங்காதோருக்கு உரிமை தந்தது, கத்தோலிக்கரை விலக்கியது. நாம் 1791 வரை காத்திருந்தோம். அப்போதும் நம் சிற்றாலயத்துக்குக் கோபுரமும் மணியும் கூடாது!

களஞ்சியம் இருந்த இடத்தில் 1707இல் புதிய கூடம் எழுந்தது. இன்றுள்ள ஆலயம் 1850இல் திறக்கப்பட்டது. கிஃபர்டின் மடல் எப்போதும் வென்றதென்று சொல்ல முடியாது; 1772இல் குழந்தைத் திருமுழுக்கைப் பற்றிய பிணக்கில் சிலர் பிரிந்து தனிச்சபை கண்டனர். அவர்களுள் ஒருவரான ஜான் ஹவார்டு மறு ஆண்டு மாவட்ட ஷெரீப்பாகி, பன்யன் கிடந்த அதே சிறையை ஆய்வு செய்தார். குற்றமற்றவரென விடுவிக்கப்பட்டோர், சிறைக்காவலருக்குரிய கட்டணம் செலுத்த வழியின்றி உள்ளேயே கிடந்தனர். சிறைச் சீர்திருத்தத்துக்கு அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டதன் தொடக்கம் அதுவே.

ஆலயத்தில் சிறையிலிருக்கும் பன்யனைக் காட்டும் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்று உண்டு. பிணைக்கைதிகளை மீட்கப் பெய்ரூட் சென்று, 1987 ஜனவரியில் தாமே பிணைக்கைதியான ஆங்கிலிக்கத் தூதர் டெரி வெயிட்டுக்கு, அச்சாளரத்தின் படம் பொறித்த அஞ்சலட்டை ஒன்றைப் பெட்ஃபோர்டு பெண்மணி ஒருவர் அனுப்பினார். அது எப்படியோ அவரை அடைந்தது. 1991 நவம்பரில் விடுதலையானபோது அவர் அதை நினைவுகூர்ந்தார். இருட்டறையில் அப்படத்தைப் பார்த்து, பன்யனுக்குச் சன்னலும் எழுதுகோலும் சொந்த உடையும் இருந்தனவே என்று எண்ணினாராம். பிறகு அட்டையைத் திருப்பினார். மக்கள் அவரை மறக்கவில்லை, அவருக்காகச் செபிக்கிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது.