சார்லஸ் லெக்லேர்

சார்லஸ் லெக்லேர் (பிறப்பு: அக்டோபர் 16, 1997) மொனாக்கோ நாட்டைச் சேர்ந்த பார்முலா 1 தானுந்து ஓட்டப்பந்தய வீரர் ஆவார். 2018 இல் சாபர் அணியின் மூலம் பார்முலா 1 இல் அறிமுகமாகி, 2019 இல் இத்தாலியின் பெராரி அணியில் சேர்ந்தார். பந்தயங்களில் முழுமையாக ஈடுபட்டிருந்த காலத்திலேயே, தமது 25 ஆவது அகவையில் பியானோ இசைப்படைப்புகளையும் வெளியிடத் தொடங்கினார்.

இளமை

இவரது தந்தை எர்வே லெக்லேர் பார்முலா 3 பந்தயங்களில் ஓட்டியவர். தென் பிரான்சின் பிரிஞோல் நகரில் குடும்ப நண்பர் ஒருவர் நடத்திய ஓடுதளத்தில் லெக்லேர் கார்ட்டிங் எனப்படும் சிறுவண்டிப் பந்தயத்தைப் பழகினார். அந்நண்பரின் மகனே பார்முலா 1 வீரர் சூல் பியாங்கி. இவர் லெக்லேரின் ஞானத்தந்தையும் ஆவார். 2014 சப்பானியப் பந்தயத்தில் தலையில் படுகாயமடைந்த பியாங்கி, 2015 சூலையில் காலமானார்.

பந்தய வாழ்வு

லெக்லேர் ஜிபி3 தொடரில் 2016 இலும், பார்முலா 2 தொடரில் 2017 இலும், பங்கேற்ற முதல் ஆண்டிலேயே வாகை சூடினார். 2017 சூனில் தந்தை மரணப்படுக்கையில் இருந்தபோது, பார்முலா 1 அணியில் ஒப்பந்தமாகிவிட்டதாக அவரிடம் பொய் கூறினார். தந்தை இறந்த சில நாட்களில் பக்கூ நகரில் நடந்த பார்முலா 2 பந்தயத்தில் முதலிடத்திலிருந்து புறப்பட்டு வென்றார். அடுத்த ஆண்டே அப்பொய் மெய்யாயிற்று.

இவரது முதல் பார்முலா 1 வெற்றி 2019 செப்டம்பர் 1 அன்று பெல்சியத்தில் கிடைத்தது. முந்தைய நாள் அதே தடத்தில் நடந்த பார்முலா 2 விபத்தில், சிறுவயது முதல் உடன் ஓட்டிய அந்துவான் உபேர் உயிரிழந்திருந்தார். வெற்றியை அவருக்கே காணிக்கையாக்கினார். ஒரு வாரம் கழித்து மொன்சாவில் வென்று, அங்கு பெராரியின் 9 ஆண்டுக் காத்திருப்பை முடித்து வைத்தார். 2022 உலக வாகையாளர் போட்டியில் மாக்ஸ் வெர்சுடாப்பனுக்கு அடுத்து இரண்டாமிடம் பெற்றார்.

சொந்த ஊர்ப் பந்தயம் மட்டும் நெடுநாள் கைகூடவில்லை. 2021 இல் தகுதிச்சுற்றில் முதலிடம் பெற்றும் வண்டி பழுதால் பந்தயத்தைத் தொடங்கவே இயலவில்லை. 2022 இல் முதலிடத்திலிருந்து புறப்பட்டு நான்காவதாக முடித்தார். 2024 மே 26 அன்றுதான் வென்றார். மொனாக்கோவில் பிறந்த ஒருவர் அங்கு வென்றது, 1931 இல் லூயி சிரோனுக்குப் பின் அதுவே முதன்முறை.

இசை

2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்று ஊரடங்கில் பந்தயங்கள் நின்றபோது பியானோ கற்கத் தொடங்கினார். பெரும்பாலும் தாமாகவே பயின்றார். முதல் படைப்பான 'ஏயுஎஸ்23', 2023 ஏப்ரலில் வெளியானது. அவ்வாண்டின் ஆத்திரேலியப் பந்தயத்தைக் குறிக்கும் பெயர் இது. அப்பந்தயத்தில் முதல் சுற்றிலேயே மோதி வெளியேறியிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. 2024 பெப்ரவரியில் பிரெஞ்சு பியானோ கலைஞர் சோபியான் பமாருடன் இணைந்து 'ட்ரீமர்ஸ்' என்ற நான்கு உருப்படிகள் கொண்ட குறுந்தொகுப்பை வெளியிட்டார்.

பந்தய வீரர்கள் இசைப்பது புதிதன்று. இத்தாலிய வீரர் எலியோ தெ ஆஞ்செலிசு 1982 தென்னாப்பிரிக்க வேலைநிறுத்தத்தின்போது விடுதியில் சக வீரர்களுக்குப் பியானோ வாசித்தார். 1997 உலக வாகையாளர் சாக் வில்னேவ் 2007 இல் பாடல் தொகுப்பு வெளியிட்டார். ஆனால் அப்போது வில்னேவ் பார்முலா 1 ஐ விட்டு விலகியிருந்தார்.