பச்சை பூத்த பக்கிள்

அக்டோபர் பிறந்தால் குன்னூரில் மழையோடு பூஞ்சையும் வீட்டுக்குள் குடிவந்துவிடும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்த தாத்தாவின் தோல் பெல்ட்டைப் போன வருடம் எடுத்துப் பார்த்தால், பித்தளை பக்கிளைச் சுற்றிப் பச்சைப் பிசுக்கு! பாட்டி உடனே புளியைக் கரைக்கப் போனார். தடுத்துவிட்டேன். அழுக்கைவிட ஈரம்தான் எதிரி என்று எழும்பூர் அருங்காட்சியகக் கதையில் படித்திருந்தேன்.

மண்ணில் புதைந்து கிடந்து அங்கே வந்த செப்புத் திருமேனிகளில் குளோரைடு உப்பு ஏறியிருந்தது. அந்த உப்பு காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் செம்பைத் தின்னும். துடைத்தாலும் பச்சைத்தூள் மறுபடி பூக்கும். அதற்காகவே 1930-ல் அங்கே வேதியியல் ஆய்வகம் வந்தது. எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்சாரம் செலுத்திச் சிலைகளைச் சுத்தம் செய்தார். (காமர்ஸ் மாணவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள்!)

எங்கள் பக்கிளுக்கு வந்தது அந்த நோய் இல்லை. தோலின் எண்ணெய்ப் பசை பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்தால் இப்படிப் பச்சையாகும். சிக்கல் வேறு: உலோகத்துக்கு ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. அவ்வளவு வறட்சியில் தோல் விறைத்து வெடிக்கும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை.

பக்கிளைக் கழற்றி சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் மூடினேன். பெல்ட்டைப் பருத்தித் துணியில் சுற்றி, காற்றாடும் அலமாரியில் வைத்தேன்.

"இத்தனை வருசம் ஒண்ணாத்தானே இருந்துச்சு," என்றார் பாட்டி.