சுண்ணாம்பு தடவாத கலயம்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது மம்சாபுரம். மலை ஓரத்தில் தென்னையும் மாவும். கிழக்கே கண்மாய்க் கரைகளைத் தாண்டிக் கரிசலுக்குள் இறங்கினால் பனை. தென்னம்பாளையானாலும் பனம்பாளையானாலும் சீவிவிட்டால் சொட்டுவது இனிப்பு நீர்தான். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அது பதநீர். குடிக்கலாம், விற்கலாம், காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். தடவாமல் கட்டினால் கள்; அது குற்றம். கள்ளாவதற்கு மனிதன் கூடுதலாகச் சேர்க்கும் சரக்கு எதுவும் இல்லை. காற்றிலும் பூச்சியின் காலிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஒட்டியிருக்கும் காட்டு ஈஸ்ட் தானாக வந்து வேலையைத் தொடங்குகிறது. கள் போதை தருவதால் ஒழிக்கப்பட்டது என்பதுதான் நமக்குச் சொல்லப்பட்டுவரும் வரலாறு. கள்ளில் சாராயச் சத்து ஏறக்குறைய 5 சதவீதம்; அரசுக் கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்த வரலாறு நிற்கவில்லை. கள் தோற்றதற்குப் பெரிய காரணம், அதன் நொதிப்பு எந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் அடங்காமல் போனது என்பதே என் வாதம்.

அந்த நொதிப்பைச் சற்றுக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பனையேறி பாளையை இடுக்கியால் பதமாக நசுக்கி, பாளை அரிவாளால் நுனியை வெற்றிலைத் தடிமனுக்குச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். சொட்டுகிற நீரில் 10 முதல் 15 சதவீதம் சர்க்கரை. வெயில் நாட்டில் அது சும்மா இருக்காது. முதலில் லாக்டிக் பாக்டீரியாக்கள் புளிப்பேற்றுகின்றன. கூடவே சாக்கரோமைசிஸ் வகை ஈஸ்டுகளும், சைமோமோனாஸ் என்னும் பாக்டீரியாவும் சர்க்கரையைச் சாராயமாகவும் கரிவாயுவாகவும் உடைக்கின்றன. மரத்திலிருந்து இறக்கும்போதே கலயத்தில் நுரை கட்டியிருக்கும். காலையில் இறக்கியது இனிப்பும் லேசான புளிப்புமாக இருக்கும், பிற்பகலில் விறுவிறுக்கும், மறுநாள் அசிட்டிக் பாக்டீரியா கைப்பற்றிக் காடியாக்கிவிடும். முந்தைய நாள் மண்டி ஒட்டிய கலயத்தைச் சுத்தமாகக் கழுவாமல் மறுபடி கட்டினால் கள் சீக்கிரம் பொங்கும் என்பது தொழில் தெரிந்தவர்களின் பழைய அறிவு. ஈஸ்டை ஒரு வளர்ப்பிலிருந்து அடுத்ததற்குக் கடத்தும் முறைதான் அது, நுண்ணோக்கி இல்லாமலேயே. ஆப்ப மாவைப் பொங்கவைக்கக் கள் ஊற்றிய சமையலறைகளுக்கும் இது தெரிந்திருந்தது. சங்கப் பாடல்களில் மூங்கில் குழாயில் நாள்பட விளைந்த தேறல் வருகிறது. அதியமானை இழந்து ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடலிலும் கள் இருக்கிறது. அந்தக் காலத்துக் குடிகள் எல்லாமே காட்டு ஈஸ்டின் கைவேலைதான், வேறு ஈஸ்டு அப்போது யாரிடமும் இல்லை.

இன்று பெங்களூரின் மதுக்கூடங்களில், சிறு ஆலைகளில் வடித்த பேல் ஏல் பியரை நுரையோடு வைத்து ரசிப்பது நாகரிகம். அதிலும் காட்டு ஈஸ்டில் புளித்தது என்றால் மதிப்பு கூடுதல். அந்தப் புளிப்பையும், ஈரத்தோலை நினைவூட்டும் அந்த வாடையையும் விவரிக்கத் தனிச் சொற்களே வைத்திருக்கிறார்கள். இந்த பேல் ஏலின் வரலாற்றில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனின் போ பகுதியிலிருந்த ஹாட்ஜ்சன் ஆலையும், 1820களிலிருந்து பர்ட்டன் நகர ஆலைகளும் இந்தியாவுக்கென்றே மரப் பீப்பாய்களில் வெளிர்நிற ஏலை அனுப்பின. கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். வழியின் வெக்கையில் பீப்பாய்க்குள் இரண்டாம் நொதிப்பு நடந்துகொண்டே இருந்தது. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883இல் ஒற்றை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்த்தார். கார்ல்ஸ்பெர்க் ஆலையைச் சேர்ந்த கிளாசன், நாள்பட்ட ஆங்கில ஏலுக்கு அதன் தனிச் சுவையைத் தந்தது ஒரு காட்டு ஈஸ்டு என்று 1904இல் அறிவித்து, அதற்குப் பிரெட்டனோமைசிஸ் என்று பெயர் வைத்தார். சென்னையில் வெள்ளைத் துரைமார் குடித்ததிலும் காட்டு ஈஸ்டு இருந்தது, பனந்தோப்பில் குடியானவன் குடித்ததிலும் இருந்தது. ஒன்றுக்கு ஆலை முத்திரையும் பீப்பாய்க் கணக்கும் இருந்தன. மற்றதற்கு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததுதான் அப்காரி (மதுவரி) அதிகாரிகளுக்குத் தலைவலி. 1886ஆம் ஆண்டின் சென்னை அப்காரிச் சட்டத்துக்குப் பின் சாராயத்தைக் கட்டுப்படுத்துவது அவர்களுக்கு எளிதானது. காய்ச்சுவதைச் சில பெரிய ஆலைகளுக்குள் ஒதுக்கிவிட்டால், வெளியே போகும் ஒவ்வொரு காலனையும் அளந்து வரி போடலாம். கள்ளை அப்படி ஆலைக்குள் கொண்டுவர முடியாது. அது ஆயிரக்கணக்கான மரங்களின் உச்சியில், ஆள் இல்லாத நேரத்தில் உண்டாகிறது, ஒரு நாளில் கெடுகிறது, கிடங்கில் நிற்காது. ஆகவே அரசு கள்ளை விட்டுவிட்டு மரத்தைக் கணக்கிட்டது. சீவப்படும் மரத்துக்கு அடையாளமிட்டு, தலைக்கு இவ்வளவு என்று மரவரி வாங்கியது. அடையாளம் இல்லாத மரத்தில் கலயம் தொங்கினால் வழக்கு. அளக்க முடியாத பொருளுக்கு அளக்கக்கூடிய ஒரு பதிலியைப் பிடித்த கெட்டிக்காரத்தனம் அது. ஆனால் ஒவ்வொரு தோப்புக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. ஆலை வாசலில் ஒரு காவலாளியை நிறுத்துவதோடு ஒப்பிட்டால் அது ஓயாத செலவு, ஓயாத கையூட்டு.

மதுவிலக்கு இயக்கம் வேறு திசையிலிருந்து வந்தது, அதன் நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது ஈ.வெ.ரா. தம் தோப்பில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பது ஊரறிந்த செய்தி. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. நாட்டிலேயே முன்னோடியான அந்த வரி, கள்ளும் சாராயமும் விட்டுச்சென்ற பள்ளத்தை நிரப்பப் பிறந்தது. 1948 அக்டோபர் 2 அன்று மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. அடுத்த ஆண்டு ஏப்ரலில் முதல்வர் பொறுப்புக்கு வந்த பி.எஸ். குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். 1952 வரை அவர் ஆட்சியில் மதுவிலக்கு தளரவில்லை. அவரைப் போன்றவர்களுக்குக் கள்ளும் சாராயமும் பிராந்தியும் ஒன்றுதான், எல்லாவற்றையும் ஒரே கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். அதில் பாரபட்சம் இல்லை.

பாரபட்சம் கதவைத் திறந்தபோதுதான் வந்தது. 1971இல் கருணாநிதி அரசு மதுவிலக்கைத் தளர்த்தியபோது கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன, 1974க்குள் மூடின. 1981இல் எம்.ஜி.ஆர். அரசு மறுபடி திறந்தது. 1983இல் அரசின் மது நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் மூடப்பட்டன. ஆலையில் புட்டியில் அடைத்த சீமைச் சரக்கு மட்டும் மூடப்படவில்லை. 2003இல் அதன் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. போதைதான் காரணம் என்றால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த எரிசாராயத்தில் நிறமும் மணமும் ஏற்றி முத்திரையிட்ட புட்டிக்கு ஒவ்வொன்றாகக் கணக்கு உண்டு. கலயத்துக்கு இல்லை.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது கலப்படம். குளோரல் ஹைட்ரேட் கலந்த கள் விற்கப்பட்டது உண்மை. அதைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் கலப்படம் பெருகியது, கள் ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர் மரத்துக்கும் குடிப்பவருக்கும் நடுவே பெரிய வியாபாரியாக உட்கார்ந்த பிறகு. பனையேறியே தம் மரத்தடியில் விற்றால் ஏமாற்ற இடமும் குறைவு, ஏமாற்றிவிட்டு ஒளிய இடமும் குறைவு. கள்ளை ஒழித்ததால் நஞ்சு ஒழிந்ததா என்றால், 2023இல் மரக்காணம் பகுதியிலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயம் ஆட்களைக் கொன்றது. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கும் மேல். அந்த மெத்தனால் தொழிற்சாலைச் சரக்கு. எந்தப் பாளையிலும் அது சுரக்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் எனக்கு இதைவிடக் கனமாகப் படுகிறது. பனையேற்றம் உயிரைப் பணயம் வைக்கும் வேலை; அதைச் செய்தவர்கள் மேல் சாதி இழிவும் ஏற்றப்பட்டது. விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் அந்த மரபில் வந்தவர்கள் வணிகத்துக்கும் கல்விக்கும் அச்சுத் தொழிலுக்கும் போனது விடுதலைதான். அவர்களைத் திரும்ப மரத்தில் ஏறச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனாலும் இழிவைச் சுமத்தியது சாதி, கலயம் அல்ல. மம்சாபுரத்துக்கு மேற்கே நிற்கும் மலைக்கு அந்தப்புறம் என்ன நடந்தது என்று பார்க்கலாம். கேரளம் 1969இல் கள்ளுத் தொழிலாளர் சேமநிதிச் சட்டம் கொண்டுவந்தது. ‘செத்து’ என்று அங்கே சொல்லப்படும் கள் இறக்கும் தொழிலைச் செய்பவர்களுக்குத் தொழிற்சங்கமும் ஓய்வூதியமும் கிடைத்தன. 1996இல் ஏ.கே. ஆன்டனி அரசு சாராயத்தைத் தடைசெய்தபோது கள்ளை விட்டுவைத்தது. அங்கேயும் கலப்படம் உண்டு, செத்துக்குப் போக இளைஞர்கள் தயங்குவதும் உண்டு; ஆனால் எது கடுமையான குடி, எது மிதமான குடி என்ற வேறுபாட்டைச் சட்டம் ஒப்புக்கொள்கிறது.

தமிழ்நாடு 2017இல் தென்னையில் நீரா என்னும் பாளைநீரை இறக்க இசைந்தது, நொதிக்காமல் குளிர்ச்சியில் பிடித்தால் மட்டும். அதாவது ஈஸ்டைத் தடுக்கக் குளிர்பெட்டி வாங்கத் தோப்புக்காரருக்கு வழி செய்தாயிற்று. செ. நல்லசாமியின் கள் இயக்கம் கேட்பது நேர் எதிரானது: கள்ளையே இறக்க அனுமதி. அது ஒருநாள் கிடைத்தாலும், கள்ளைப் புட்டியில் அடைத்து டாஸ்மாக் அலமாரியில் அடுக்கும் யோசனையோடு கிடைத்தால் பயனில்லை. புட்டியில் நிற்க வேண்டுமானால் கள்ளைச் சூடேற்றி ஈஸ்டைக் கொல்ல வேண்டும். கொன்றபின் அது லேசான பியர் போல ஒரு புளித்த சர்க்கரைத் தண்ணீர். காலையில் இறக்கி மாலைக்குள் தீர்ந்துவிடும் தூரத்துக்குள் விற்பனையை நிறுத்தி, மரத்துக்கு வரி, மரத்தடியில் விற்பனை, ஏலம் கிடையாது என்று விதி எழுதினால் 1886இன் மரவரி முறையிலிருந்து பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.