வெள்ளைச் சட்டையும் அடிமட்டமும்

பாடசாலைச் சீருடை பற்றி யாரோடு கதைத்தாலும் இரண்டு பதில்களில் ஒன்றுதான் வரும். ஒன்று, "ஒழுக்கம் வேணும்தானே." மற்றது, "பணக்காரப் பிள்ளை, ஏழைப் பிள்ளை எண்ட வித்தியாசம் தெரியக்கூடாது." முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதிபர்மாரும் பழைய மாணவர் சங்கத்து ஐயாமாரும். இரண்டாவதை எங்கட அம்மாமார் சொல்வார்கள், நாங்களும் சொல்லியிருக்கிறோம். முழங்காலுக்குக் கீழே எத்தனை அங்குலம், ரிபன் என்ன நிறம், தலைமயிர் காதில படுதா எண்டு கேற்றடியில் அளந்து பார்க்கிற விதிகளை விமர்சிக்கப் போனால் இந்த இரண்டாவது பதில்தான் எங்களை மடக்கும். ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எங்கேயிருந்து வந்தது, இப்போது எங்கே போய் நிற்கிறது என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

சீருடை சமத்துவத்துக்காகப் பிறந்தது அல்ல. லண்டனில் 1552இல் தொடங்கப்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹொஸ்பிற்றல் என்ற பாடசாலையின் நீண்ட நீலக் கோட்டைத்தான் மிகப் பழைய பாடசாலைச் சீருடைகளில் ஒன்றாகச் சொல்வார்கள். அது வறிய, ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இடம். நீலச் சாயம் மலிவு, அதனால் நீலம். பிறகு வந்த தருமப் பாடசாலைகளும் அதையே பிடித்துக்கொண்டன. தெருவில் போகிற பிள்ளையைக் கண்டவுடனே 'இது தருமத்தில் படிக்கிற பிள்ளை' என்று தெரியவைத்த உடுப்பு அது. பணக்காரப் பிள்ளைகளின் பாடசாலைகள் பிளேசரையும் ரையையும் தங்கட பெருமையின் அடையாளமாக்கிக்கொண்டது 19ஆம் நூற்றாண்டுக் கதை. எங்களிடம் வந்து சேர்ந்தது இந்த இரண்டும் கலந்த ஒன்று.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டை செமினரியையும் 1824இல் உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையையும் தொடங்கினார்கள். பெண்பிள்ளையைப் படிக்க அனுப்ப ஆட்கள் முன்வராத காலம். சாப்பாடும் உடுப்பும் மிஷனே கொடுத்துத்தான் பிள்ளைகளைச் சேர்த்தது. அதாவது உடுப்பு அங்கே விதியாக வரவில்லை, ஆசை காட்டிக் கூப்பிடுகிற பொருளாக வந்தது. அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளின் படங்களைப் பார்த்தால் வேட்டி, சால்வை, சிலருக்கு அதற்கு மேலே கோட், தலைப்பாகை. ஒரே மாதிரி என்று ஒன்றும் இல்லை.

ஆனால் யார் என்ன உடுக்கலாம் என்பதற்கு விதி இருந்தது. அது பள்ளிக்கூடம் போட்டதல்ல, ஊர் போட்டது. ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆண்கள் மேலுடம்பை மறைக்கக்கூடாது. பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது. செருப்புப் போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, தங்கத் தோடு போடக்கூடாது. ஆண்கள் தலைமயிரைக் கட்டையாக வெட்டக்கூடாது. (இப்போது பெடியள் வளர்க்கக்கூடாது என்கிறார்கள். தலைமயிரில் என்னதான் இருக்கிறதோ.) இவை மிகப் பழைய காலத்துக் கதைகள் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நடைமுறையில் இருந்தவை. மீறினால் அடி விழுந்தது, வீடு எரிந்தது. 'யாழ்ப்பாணப் பண்பாடு' என்று மேடைகளில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்து நாங்கள் கேட்டதில்லை.

பள்ளிக்கூடத்துக்குள்ளும் அதே ஊர்தான். சேர்த்துக்கொண்ட இடங்களில்கூட ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க வேண்டும், அல்லது வாசலுக்கு வெளியே. மற்றவர்களுக்கு வாங்கு. 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்களின் முன்னெடுப்பில், தீண்டாமைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. எங்கட வயதுக்காரர்கள்தான் அதில் அதிகம், மாணவர்களும் இளம் ஆசிரியர்களும். 1920களின் கடைசியில், அரசாங்க நன்கொடை வாங்குகிற பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமஆசனம் கொடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது என்ன நடந்தது? அதை எடுக்கச் சொல்லி மனு எழுதினார்கள். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படித்த பாடசாலைகள் சில இரவோடு இரவாக எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கில் இருப்பதைத் தாங்க முடியாமல் பள்ளிக்கூடத்தையே கொளுத்திய சமூகம் நாங்கள். பாடசாலையில், கிணற்றடியில், தேநீர்க்கடையில், கோயிலில் சாதி சொல்லி மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இல்தான் வந்தது. வந்த பிறகும் 1960களின் கடைசியில் மாவிட்டபுரம் கோயில் வாசலில் என்ன நடந்தது என்பது தெரிந்ததே.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் வெள்ளைச் சட்டையின் பெறுமதி விளங்கும். மேலுடம்பை மறைக்க உரிமை இல்லாதிருந்த ஒரு குடும்பத்தின் பேரப்பிள்ளை, உடையார் வீட்டுப் பிள்ளை போடுகிற அதே வெள்ளைச் சேட்டைப் போட்டு, அதே வாங்கில் இருக்கிறது. அந்தக் குடும்பத்துக்குச் சீருடை ஒரு கட்டுப்பாடாகத் தெரிந்திருக்க நியாயமில்லை, வென்றெடுத்த ஒன்றாகவே தெரிந்திருக்கும். எனவே "சீருடையே வேண்டாம், விருப்பமானதைப் போடுவோம்" என்று முகநூலில் சுலபமாக எழுதுகிற ஆட்களோடு எங்களால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. அதே நேரம், இந்தச் சமத்துவக் கதையை எடுத்து அடிமட்டத்துக்குக் காவல் வைக்கிறவர்களோடும் ஒத்துப்போக முடியவில்லை.

அரசாங்கத்தின் பக்கத்துக்கு வருவோம். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1960, 61இல் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வர 1970கள் ஆனது. இலவசக் கல்வி என்ற சொல்லுக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் இடையில் முப்பது வருடத் தூரம். 1980இல் இலவசப் பாடநூல். 1993இல், பிரேமதாச ஜனாதிபதியாக இருந்தபோது, இலவசச் சீருடைத் துணி. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் இருநூறு ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தையும் தொடங்கியிருந்தார். பிரேமதாசவைப் பற்றிச் சொல்ல எங்களிடம் கசப்பான விசயங்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் அந்தத் துணி பல வீடுகளில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கும் போகாமல் விடுவதற்கும் இடையில் நின்றது. 2016 கல்வியாண்டில் துணிக்குப் பதில் வவுச்சர் ஆனது, பிறகு திரும்பவும் துணி. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு துணியின் பெரும்பகுதியைச் சீனா நன்கொடையாகத் தந்தது, 2025ஆம் ஆண்டுக்கு முழுவதையும். உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிற நாடு தன்ர பிள்ளைகளின் சட்டைத் துணிக்குக் கையேந்தி நின்றதை யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை.

வடக்கில் 90களின் கதை வேறு. பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் சவர்க்காரம் கிடைப்பது பாடு. பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் சீருடையைத் தோய்த்த கதையை அம்மாமாரிடம் கேட்டிருப்பீர்கள். காயப்போட்ட சட்டையை வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும், அதனால் கொடிக்குப் பக்கத்தில் ஒருவர் காவல். மின்சாரம் இல்லை, சிரட்டைக்கரி போடுகிற ஸ்திரிக்கைப்பெட்டி. கரித்துண்டு ஒன்று பறந்து விழுந்தால் முதுகில் ஓட்டை. இவ்வளவு பாடுபட்டு ஏன் வெள்ளையாகப் போனீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குக் கேள்வியே விளங்குவதில்லை. 1995 செப்ரெம்பர் 22 அன்று நாகர்கோவில் மகா வித்தியாலயத்தில் குண்டு விழுந்து இறந்த பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள்தான். வெள்ளைச் சட்டை அவர்களைக் காப்பாற்றவில்லை. ஆனாலும் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே வகுப்பு நடந்தபோதுகூட அந்த வெள்ளையை விடவில்லை. "நாங்கள் இன்னும் ஒழுங்காத்தான் இருக்கிறம்" என்று சொல்ல வேறு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை போல. இன்று சீருடையில் அதிபர்மார் காட்டுகிற பிடிவாதத்தில் அந்தக் காலத்தின் பயமும் கொஞ்சம் இருக்கிறது என்பது எங்கட எண்ணம். அவர்களில் பலர் அந்த மரத்துக்குக் கீழே படித்தவர்கள்.

சரி, இப்போது என்ன நடக்கிறது?

எங்களுக்குக் கிடைத்தது வருடத்துக்கு ஒரு சட்டைக்கான துணி. மிச்சமெல்லாம் வீட்டுச் செலவு: பாடசாலையின் ரை, பட்ஜ், குறித்த நிறச் சப்பாத்து, சொக்ஸ், ரிபன், இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஒரு ரீசேட். வெள்ளைத் துணி எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் அதற்கு மேலே பாடசாலை அடுக்குகிற ஒவ்வொரு சாமானும் திரும்ப வித்தியாசத்தைக் காட்டுகிறது. சட்டை தைக்கும்போது அம்மாமார் கீழ்மடிப்பை அகலமாக விடுவார்கள். பிள்ளை வளர வளர அதை அவிழ்த்து இறக்குவார்கள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அதை எண்ணினால் சட்டைக்கு எத்தனை வயது என்று சொல்லிவிடலாம். இறக்க இனி மடிப்பு இல்லாத பிள்ளையைத்தான் கேற்றடியில் "கட்டையாப் போட்டு வந்திருக்கிறாய்" என்று மறிக்கிறார்கள். எங்களில் ஒருத்தி தரம் 10இல் அப்படி இரண்டு பாடவேளை வெளியே நின்றிருக்கிறாள். அடிமட்டத்துக்கு அங்குலம் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது வெள்ளை நிறம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலிருந்து ஒவ்வொரு மாதமும் சில நாட்கள் சட்டையின் பின்பக்கத்தை மட்டுமே யோசித்துக்கொண்டு வகுப்பில் இருந்ததை எங்களில் பெட்டையள் எல்லாரும் சொல்கிறார்கள். எழும்பிப் பதில் சொல்லச் சொன்னால் பயம். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் பயம். 2018 வரை இறக்குமதி செய்யப்பட்ட சானிற்றரி நப்கின்களுக்கு இந்த நாட்டில் 101.2 வீத வரி இருந்தது. ஒரு பக்கம் வெள்ளைதான் போட வேண்டும் என்று விதி, மறுபக்கம் அந்த வெள்ளையைக் காப்பாற்றுகிற பொருளுக்கு இரட்டிப்பு விலை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்து யோசித்த அதிகாரி ஒருவர்கூட இருக்கவில்லை போலும்.

வெயிலைப் பற்றியும் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. மன்னாரில் மார்கழியிலும் வேர்க்கும், நுவரெலியாவில் சித்திரையிலும் குளிரும், இரண்டு இடத்துக்கும் ஒரே துணி. நுவரெலியாப் பிள்ளை வீட்டில் இருக்கிற ஸ்வெற்றரைப் போட்டால் நிறம் பிழை என்று பேச்சு விழும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை பங்குனி வெயிலில் கழுத்து முட்ட ரையைக் கட்டிக்கொண்டு தகரக் கூரைக்குக் கீழே இருக்க வேண்டும். ரை குளிர் நாட்டுக்காரரின் சாமான் என்பது எல்லாருக்கும் தெரியும். காலனியத்தைப் பற்றி மேடையில் மணித்தியாலக் கணக்காகப் பேசுகிறவர்களும் அதைக் கழற்றச் சொல்வதில்லை.

விதி தளர்ந்தால் பாடசாலை குழம்பிவிடும் என்பார்கள். தளர்ந்து பார்த்திருக்கிறோம். கொவிட்டுக்குப் பிறகு 2021 ஒக்ரோபரில் பாடசாலைகளைக் கட்டம் கட்டமாகத் திறந்தபோது சீருடை கட்டாயமில்லை என்று கல்வி அமைச்சே சொன்னது. பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள், பழைய சட்டை கொள்ளவில்லை, புதிதாகத் தைக்கக் காசும் இல்லை. யாரும் குழம்பவில்லை. அடுத்த வருடம் நவம்பரில், நெருக்கடியின் நடுவில், சில ஆசிரியைகள் சேலை இல்லாமல் வேறு வசதியான உடுப்பில் பாடசாலைக்குப் போனபோது மட்டும் பண்பாடு பதறிப்போனது. சேலை விலை, பஸ் நெரிசல் எதுவும் கணக்கில் வரவில்லை.

பண்பாடு என்று சொல்லிக்கொண்டு யாரை மறிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2018இல் திருகோணமலையில் ஒரு இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா போடக்கூடாது என்று வீதியில் நின்றவர்கள் தமிழர்கள், எங்கட ஆட்கள். 2024இல் உயர்தரப் பெறுபேறு வந்தபோது அதே திருகோணமலையில் சாஹிரா கல்லூரி மாணவிகள் 70 பேரின் பெறுபேறு நிறுத்திவைக்கப்பட்டது. பரீட்சை மண்டபத்தில் காது தெரியாதபடி தலையை மறைத்திருந்தார்களாம். பிறகு பெறுபேறு விடுவிக்கப்பட்டது, ஆனால் பல்கலைக்கழகக் கனவோடு இருந்த ஒரு பிள்ளைக்கு அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும்? யார் மேலுடம்பை மறைக்கலாம் என்று ஒரு காலத்தில் ஊர் தீர்மானித்தது, யார் தலையை மறைக்கலாம் என்று இப்போது பாடசாலையும் பரீட்சை மண்டபமும் தீர்மானிக்கின்றன. இரண்டிலும் உடுத்துகிற ஆளை யாரும் கேட்கவில்லை.

நாங்கள் கேட்பது பெரிய விசயம் ஒன்றும் இல்லை. வெள்ளைத் துணி இருக்கட்டும். ரையைக் கழற்றட்டும். பெட்டையளுக்குக் கீழே கடும் நிறப் பாவாடையோ காற்சட்டையோ போட விடட்டும். துணி கொடுக்காத எதையும் கட்டாயமாக்கக்கூடாது. சட்டையின் நீளத்துக்காகவும் சப்பாத்தின் நிறத்துக்காகவும் ஒரு பிள்ளையையும் பாடவேளையில் வெளியே நிறுத்தக்கூடாது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் சீருடை பற்றிக் கதை வந்தால் உயர்தர மாணவர்கள் இரண்டு பேரையாவது கூப்பிட்டு இருத்திக் கேட்கட்டும்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேலையும் இருக்கிறது. வீட்டில் அப்பப்பா, அம்மம்மா காலத்து வகுப்புப் படங்கள் இருந்தால் எடுத்துப் பாருங்கோ. யார் வாங்கில், யார் நிலத்தில், யாருக்குச் சேட் இருக்கு, யாருக்கு இல்லை, யாருக்குக் காலில் செருப்பு. படத்தில் இருக்கிற ஆட்கள் உயிரோடு இருக்கேக்கையே பெயர்களையும் கேட்டு, படத்துக்குப் பின்னால எழுதி வையுங்கோ.